எங்கள் கிணற்றை அளப்பவர் யார்?

இடம்பெயர்ந்து அலைந்து, ஈற்றில் சொந்தக் காணிக்குத் திரும்பிய எம்மவர்கள் முதலில் எட்டிப் பார்த்தது வீட்டை அன்று, கிணற்றைத்தான். வீடு இடிந்திருக்கும், கூரையும் கதவு நிலைகளும் போயிருக்கும் என்பது எல்லோருக்கும் முன்னரே தெரிந்த சங்கதி. ஆனால் கிணறு இருந்தால் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டாவது மறுபடி குடியிருக்கலாம். கட்டு உடைந்து, பற்றை மூடிக் கிடந்த கிணறுகளை ஊர்ச் சனம் கூடி இறைத்தது. சேறு அள்ளி, குளோரின் போட்டு, மீண்டும் இறைத்து, ஊற்றுத் தெளிந்த பின்னர் வாளியில் அள்ளிக் குடித்த அந்த முதல் மிடறை எவரும் மறந்திருக்க மாட்டார். நலன்புரி நிலையங்களில் பவுசர் வரும் வரை வாளியும் கலனுமாக வரிசையில் நின்றவர்களுக்குத்தான் சொந்தக் கிணற்றின் அருமை தெரியும். இன்னமும் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலும் வாடகைக் காணியிலும் இருந்து, பிறர் கிணற்றில் அள்ளிக் குடிப்பவர்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம்.

தண்ணீரை நாம் மூன்று விதமாகச் சோதிப்போம். நிறத்தைப் பார்ப்போம், மணத்தைப் பார்ப்போம், வாயில் வைத்துச் சுவையைப் பார்ப்போம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது இந்தச் சோதனை போதுமாயிருந்தது. வாளியில் எண்ணெய் மிதந்தது, நாற்றம் அடித்தது, மக்கள் முறையிட்டனர், வழக்கு நடந்து, 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கென 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. ஆனால் களைநாசினி அப்படியானதன்று. கிணற்றில் காணப்படும் அளவில் அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது. குளோரின் போடுவதும் கொதிக்க வைப்பதும் கிருமிகளுக்கு எதிரானவை. அவற்றை ஒருபோதும் கைவிடக்கூடாது. ஆயினும் களைநாசினிக்கு அவை பரிகாரம் அல்ல. ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்தால் மட்டுமே அது இருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

ஆகவே எமது கேள்வி இதுதான்: எங்கள் கிணற்றை அளப்பவர் யார்?

கோப்பைகளை அளந்தார்கள்

உலகில் குடிபானங்களை அளக்காமல் இல்லை. 2016 பெப்ரவரியில் ஜேர்மனியில், மியூனிக் நகரத்துச் சுற்றாடல் நிறுவனம் ஒன்று அந்நாட்டின் பிரபலமான 14 பியர் வகைகளைச் சோதித்தது. பதினான்கிலும் கிளைபோசேற் என்னும் களைநாசினி இருந்தது. மிகக் குறைந்தது லீற்றருக்கு 0.46 மைக்கிரோகிராம், மிகக் கூடியது 29.74 மைக்கிரோகிராம். குடிநீரில் எந்த ஒரு பீடைநாசினியும் லீற்றருக்கு 0.1 மைக்கிரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது ஐரோப்பியச் சட்டம். அதாவது, ஒரு பியரில் குடிநீர் வரம்பைப் போல ஏறக்குறைய 300 மடங்கு இருந்தது.

இந்த அளவுகளை எமது பாஷையில் சொல்வதானால், லீற்றருக்கு ஒரு மைக்கிரோகிராம் என்பது பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் பவுசர்கள் நூறில் ஒரு கிராம் கரைந்திருப்பதற்குச் சமம். அவ்வளவு சிறிய அளவு. அதனால்தான் ஜேர்மன் அரசின் ஆபத்து மதிப்பீட்டு நிறுவனம், இந்தப் பியரால் உடலுக்குத் தீங்கு வரவேண்டுமானால் ஒருவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1000 லீற்றர் குடிக்க வேண்டும் என்று பதில் சொன்னது. இரண்டு பக்கத்தையும் மக்கள் கேட்டனர். பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டு மீண்டும் சோதித்தபோது அளவுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அளந்து வெளியே சொன்னார்கள்; அதுவே வேலை செய்தது.

இந்தியாவிலும் இப்படியொன்று நடந்தது. 2003 இல் டில்லியிலுள்ள விஞ்ஞான சுற்றாடல் நிலையம், கடைகளில் விற்கும் போத்தல் தண்ணீரிலும் பின்னர் குளிர்பானங்களிலும் பூச்சிநாசினி எச்சங்கள் இருப்பதை வெளியிட்டது. கம்பனிகள் மறுத்தன. விடயம் பாராளுமன்றம் வரை போய், கூட்டுக் குழு ஒன்று ஆராய்ந்து, 2004 இல் அந்த முடிவு சரியே என்று அறிக்கை தந்தது. குளிர்பானத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். வயலில் அடித்தது நிலத்தில் இறங்கி, நிலத்தடி நீரில் சேர்ந்து, அந்த நீர் ஆலைக்குப் போய், நிறமும் சீனியும் சேர்ந்து போத்தலில் வந்தது. போத்தலுக்குள் வந்த பின்னர்தான் அது செய்தி ஆயிற்று. அதே நிலத்தடி நீரைக் கிணற்றில் அள்ளிக் குடித்தவர்கள் அதற்கு முன்னரும் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எமது நாட்டில் நடந்தது

எமது நாட்டின் கதை இன்னும் தெளிவானது. 2015 இல் அரசாங்கம் கிளைபோசேற்றைத் தடை செய்தது. வடமத்திய மாகாணத்தில் 1990 களிலிருந்து கமக்காரரைப் பலிகொண்டுவரும் சிறுநீரக நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயமே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. தேயிலைத் தோட்டங்களில் புல்லை அழிக்க வேறு களைநாசினிகளை நாடினார்கள். 2018 ஆம் ஆண்டளவில், எம்.சி.பி.ஏ. என்னும் களைநாசினியின் எச்சம் எமது தேயிலையில் தமது வரம்பை மீறியிருப்பதாக யப்பான் கண்டது. ஏற்றுமதியாளரும் தோட்ட நிருவாகங்களும் முறையிட்டனர். அதே ஆண்டு யூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது.

இதில் எமக்கு ஒரு பாடம் இருக்கிறது. யப்பானில் தேநீர் குடிப்பவரின் கோப்பையை அங்குள்ள அரசு அளக்கிறது. வரம்பு மீறினால் கொழும்பில் சட்டம் மாறுகிறது. ஆனால் அந்தத் தேயிலைச் சரிவில் தெளிகருவியை முதுகில் சுமந்து நடப்பவர் குடிக்கும் பீலித் தண்ணீரில் எவ்வளவு என்று அந்த வாதங்களில் யார் கேட்டார்? அந்தத் தோட்டங்களிலிருந்து 1977 இலும் 1983 இலும் வன்செயல்களால் விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள் இன்று எம்மோடு கமம் செய்கிறார்கள். அவர்கள் அன்று குடித்த பீலித் தண்ணீரையும் இன்று குடிக்கும் கிணற்றுத் தண்ணீரையும் பற்றி அவர்களிடம் எவராவது ஓர் எண் சொல்லியிருக்கிறார்களா? வாங்குபவரின் கோப்பைக்கு அளவு உண்டு. விளைவிப்பவரின் கிணற்றுக்கு அளவு இல்லை. இதையே நாம் அநீதி என்கிறோம்.

கிணறுகள் பற்றித் தெரிந்தவை

கிணறுகளை அளந்த ஆய்வுகள் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. திருகோணமலை மாவட்டத்தின் பதவி சிறிபுரவில் நடந்த ஓர் ஆய்வு 2015 இல் வெளிவந்தது. மக்கள் குடிக்கப் பாவித்துப் பின்னர் கைவிட்ட கிணறுகளில் நீரின் கடினத்தன்மையும் கிளைபோசேற்றின் அளவும் பாவனையிலுள்ள கிணறுகளை விடக் கூடுதலாக இருந்தன என்றும், அத்தகைய கிணற்று நீரைக் குடித்தோரிடையே சிறுநீரக நோயின் ஆபத்து அதிகம் என்றும் அது கூறியது. 2023 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எமது நாட்டுக் கிணறுகளில் செய்த ஆய்வு வெளிவந்தது. நோய் பரவிய பகுதிகளில் சோதித்த கிணறுகளில் 44 வீதமானவற்றில் கிளைபோசேற் காணப்பட்டது. நோய் இல்லாத பகுதிகளில் அது 8 வீதம் மட்டுமே. கல்சியமும் மக்னீசியமும் கூடிய கடின நீரில் இந்த இரசாயனம் சிதையாமல் நீண்டகாலம் நிலைத்திருக்கக்கூடும் என்பதும் அவர்கள் கருத்து.

கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் கிணறுகள் எம் ஊர்களிலும் உண்டு. கைவிட்ட கிணறு என்ற சொல்லும் எமக்குப் புதிதன்று. அந்த ஆய்வில் கைவிடப்பட்டவை வேறு காரணத்தால் கைவிடப்பட்டவை. எமது கிணறுகளைப் போர் கைவிட வைத்தது. இரண்டும் ஒன்றல்ல. எனினும், ஆண்டுக் கணக்காக எவரும் அள்ளாத கிணற்றுக்குத் திரும்பியவர்கள் நாம். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் இந்நோய் பதிவாகியுள்ளது. ஆகவே எமது கிணறுகளைப் பற்றி அறிய விரும்புவது வீண்பயம் ஆகாது.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேற்தான் காரணம் என்று எவரும் முடிவாக நிரூபிக்கவில்லை. கடின நீர், புளோரைட்டு, கடும் வெயிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்தல், பார உலோகங்கள், பல்வேறு பீடைநாசினிகள் என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. புற்றுநோய் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல் கிளைபோசேற்றை மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கக்கூடிய சாத்தியம் மிகுந்தவற்றின் வரிசையில் சேர்த்தது. மறு ஆண்டு, அதே நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, உணவின் மூலம் உட்செல்லும் அளவால் புற்றுநோய் ஆபத்து ஏற்படும் வாய்ப்பில்லை என்றது. குடிநீருக்கு அமெரிக்கா விதித்த வரம்பு லீற்றருக்கு 700 மைக்கிரோகிராம். ஐரோப்பா விதித்தது 0.1. ஒரே இரசாயனம், ஒரே தண்ணீர், 7000 மடங்கு வித்தியாசம். ஒரு தரப்பு தீங்கு நிரூபிக்கப்படும் அளவைக் கணக்கிடுகிறது. மறுதரப்பு குடிநீரில் அது இருக்கவே கூடாது என்ற எண்ணத்தோடு வரம்பு வைக்கிறது.

படித்தவர்களே ஒத்துப்போகாத விடயத்தில் நாம் தீர்ப்புச் சொல்லப் புகவில்லை. ஆனால் அவர்கள் ஒத்துப்போகவில்லை என்பது எமது கிணற்றை அளக்காமல் விடுவதற்குச் சாட்டு ஆகாது. அளவு தெரிந்தால்தான் எந்த வரம்போடும் ஒப்பிட முடியும்.

எமது கையிலும் மருந்து உண்டு

பிறரை மட்டும் குறை சொல்லி இதை முடித்தால் அது பொய்யாகிவிடும். அடிப்பவர்களும் நாமே. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயரே 'மருந்து'.

ஏன் அடிக்கிறோம் என்பதும் எமக்குத் தெரியும். பல ஆண்டுகள் பயிரிடாமல் கிடந்த வயல்களில் பற்றையும் கோரையும் மூடியிருந்தன. முன்பு இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல் என்று ஆள் மாறிக் களை பிடுங்கிய அயல் சிதறிப்போனது. ஒரு வீட்டில் ஆண் இல்லை. இன்னொரு வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில். வேறொரு வீட்டில் கையோ காலோ இழந்தவர் ஒருவர். கூலிக்கு ஆள் பிடித்தால் விளைச்சலில் பாதி கூலிக்குப் போகிறது. ஒரு போத்தல் மருந்து பத்துப் பேரின் வேலையை ஒரு காலையில் செய்து முடிக்கிறது. கடன்பட்டுக் கமம் செய்யும் ஒரு தாய் அதை வாங்கினால், அவளைக் கண்டிக்க எமக்கு மனம் வருமா?

அதனால்தான் ஓர் இரவில் போடும் தடைகளிலும் எமக்கு நம்பிக்கை இல்லை. 2015 இல் தடை. 2018 இல் தோட்டங்களுக்கு மட்டும் விலக்கு. 2021 இல் இரசாயன உரத்துக்கும் பீடைநாசினிக்கும் ஒட்டுமொத்தத் தடை. பயிர் அழிந்து, அரிசி விலை ஏறி, அவ்வாண்டு நவம்பரிலேயே அது கைவிடப்பட்டது. 2022 ஓகஸ்டில் கிளைபோசேற் இறக்குமதித் தடையும் நீங்கியது. தடை இருந்த காலத்தில் கடல்வழியாகக் கடத்தி வந்த மருந்துகள் பிடிபட்ட செய்திகளைப் படித்தோம். பிடிபடாதவை எமது வயல்களுக்கு வந்தன. போடும்போதும் எடுக்கும்போதும் களை பிடுங்கும் கமக்காரரிடம் எவரும் கேட்கவில்லை.

சட்டத்தால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 1995 இல் மிகக் கொடிய இரு பூச்சிநாசினிகளும், 1998 இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரை படிப்படியாகப் பரக்குவாட் களைநாசினியும் வேறு இரண்டும் இந்நாட்டில் நிறுத்தப்பட்டன. அவற்றால் நேர்ந்த உயிரிழப்புகள் வெகுவாகக் குறைந்தன. நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. எந்த நஞ்சால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற கணக்கை வைத்தியசாலைகள் வைத்திருந்தன. அந்தக் கணக்கைக் கொண்டு, படிப்படியாக, எது கொடியதோ அதை நிறுத்தினார்கள். கணக்கு இருந்த இடத்தில் சட்டம் உயிரைக் காத்தது. கணக்கில்லாத இடத்தில் அது ஊஞ்சல் ஆடியது.

கேட்க வேண்டியவை

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியம் அன்று. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் சில பொதுக் கிணறுகளையாவது தெரிவுசெய்து, பெரும்போகத்துக்கு முன்னும் பின்னும் பீடைநாசினி எச்சத்துக்காகச் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில், விளங்கும் சொற்களில், கிராம அலுவலர் பணிமனையிலும் பாடசாலையிலும் ஒட்ட வேண்டும். அளவு கூடிய இடத்துக்கு வேறு குடிநீர் வர வேண்டும். வடமத்திய மாகாணக் கிராமங்களுக்குச் சுத்திகரிப்பு நிலையங்கள் கொடுத்ததுபோல் எமக்கும் கொடுக்க முடியும். களைநாசினியைக் குறை என்று சொல்பவர்கள், களை கட்டும் கருவிக்கும் கூலிக்கும் உதவியோடு வந்து சொல்ல வேண்டும்.

இதைக் கேட்பதற்கு எமக்கு வழியும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அரச அலுவலகங்களில் இதற்கென ஒரு தகவல் அலுவலர் இருக்கிறார். எமது பிரிவில் எந்தக் கிணறுகள், எப்போது, எவற்றுக்காகச் சோதிக்கப்பட்டன, முடிவு என்ன என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். ஒருவராகப் போகத் தயங்கினால் கமக்காரர் அமைப்பாக, மாதர் சங்கமாகப் போகலாம். சோதிக்கப்படவில்லை என்று எழுத்தில் பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கடிதத்தை எழுதலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை

எவரும் வரும்வரை காத்திராமல் இந்தப் போகத்திலேயே தொடங்கக்கூடியவை சில. மருந்தடித்த தெளிகருவியைக் குளத்திலும் வாய்க்காலிலும் கிணற்றடியிலும் கழுவுவதை நிறுத்துவோம். வயலுக்குள்ளேயே மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை அந்த வயலிலேயே அடிப்போம். வெறும் மருந்துக் கலனில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ எடுக்க வேண்டாம்; ஓட்டை போட்டு, பாவிக்க முடியாதபடி ஆக்குவோம். மிச்ச மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது! தாகத்தோடு வரும் பிள்ளை போத்தலைத்தான் பார்க்கும். உள்ளே இருப்பதைப் பார்க்காது. கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தில் மருந்தடிக்காமல் மண்வெட்டியால் செருக்குவோம். மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் அடிக்க வேண்டாம்.

வயலை நன்றாக மட்டப்படுத்தி, விதைத்த பயிர் நிலைத்த பின்னர் தண்ணீரை அளவாகக் கட்டி வைத்தால் பல களைகள் எழும்பாது என்பது மூத்த கமக்காரருக்குத் தெரிந்த சங்கதி. களை விதை கலவாத விதைநெல்லும் வரிசை நடுகையும் வேலையைக் குறைக்கும். ஆள் மாறிக் களை பிடுங்கும் வழக்கத்தை நாலு குடும்பமாவது சேர்ந்து மீண்டும் தொடங்கினால், மருந்துச் செலவு குறைவதோடு சிதறிய அயலும் கூடும்.

2010 யூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சுத்தமான குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலும் அதையே வலியுறுத்தியது. எமக்கு இவை புதிய செய்திகள் அல்ல. களைத்து வந்த இயேசு சமாரியப் பெண்ணிடம் முதலில் கேட்டது தண்ணீர். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடும் எமது சைவ அயலவருக்கும் தண்ணீர் கொடுப்பது புண்ணியம் என்பதை எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வருபவருக்குத் தேநீர் வைக்க முடியாவிட்டாலும் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து உபசரித்தவர்கள் நாம். முகாமில் இருந்தபோதும் கொடுத்தவர்கள்.

அந்தச் செம்பை நீட்டும்போது அதற்குள் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை எமக்கு உண்டு. யப்பானில் இருப்பவரின் கோப்பைக்குக் கிடைக்கும் அளவுகோல், வன்னியில் இருப்பவரின் வாளிக்கும் கிடைக்க வேண்டும். அடுத்த கமக்காரர் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, அங்கேயே அந்த முதற் கடிதத்தை எழுதிக் கையொப்பமிடுங்கள்.